மேகம் சென்னைக்கு வருமா? மீனம்பாக்கம் பலூனைக் கேளுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்காரர்களுக்கு மாலையானால் ஒரே கேள்வி: வேலூர்ப் பக்கம் எழும்பிய இடிமேகம் இங்கே வருமா? ராடாரில் மேகம் இருக்கும் இடம் தெரியும், அது போகும் திசையை ஊகிக்க மேல்காற்று வேண்டும். விண்டி மாதிரி செயலிகள் பார்க்க அழகுதான், ஆனால் அவை காட்டுவது கணினி மாதிரியின் கணிப்பு. மீனம்பாக்கத்திலிருந்து பறக்கவிடும் வானிலை பலூன் நிஜமாகவே மேலே போய்க் காற்றை அளப்பதால் என் ஓட்டு அதற்கே.

முதலில் வயோமிங் பல்கலைக்கழகத்தின் பலூன் தரவுப் பக்கத்தில் நிலைய எண் 43279 என்று கொடுங்கள், அது மீனம்பாக்கம். வரைபடம் இப்போதைக்கு வேண்டாம், எண்களின் பட்டியலே போதும். நேரம் 00 என்றால் நமக்குக் காலை 5.30, 12 என்றால் மாலை 5.30.

அப்புறம் காற்றழுத்தப் பத்தியில் 700, 500 (ஹெக்டோபாஸ்கல்) வரிகளைப் பிடியுங்கள். தோராயமாக 3 கி.மீ., 6 கி.மீ. உயரம். இடிமேகத்தைத் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த இடைப்பட்ட காற்றுதான்.

தடுக்கி விழும் இடம் திசைப் பத்தி. அந்த எண் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது, எங்கே போகிறது என்பதை அல்ல. 90 என்றால் கிழக்கிலிருந்து, 270 என்றால் மேற்கிலிருந்து. போகும் திசை வேண்டுமென்றால் 180ஐக் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள். 260 என்றால் மேகம் 80ஐ நோக்கி நகரும், வேலூரிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நேராகச் சென்னை. அதுவே 290 ஆனால் மாமல்லபுரம் பக்கம் இறங்கிவிடும், நாம் மின்னலை மட்டும் வேடிக்கை பார்க்கலாம்.

வேகம் 15 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) என்றால் மணிக்குச் சுமார் 28 கி.மீ. வேலூர் நேர்கோட்டில் 120 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், ஆக நாலரை மணி நேரம். வழியில் புது மேகம் முளைத்தால் இந்தக் கணக்கு தப்பும், அது வேறு கதை.

அப்படியே 100 வரியையும் பாருங்கள். ஜூலையில் கீழே மேற்குக் காற்று வீச, 16 கி.மீ. உயரத்தில் நேர் எதிராகக் கிழக்கிலிருந்து 60 நாட்டுக்கு மேல் பாய்ந்துகொண்டிருக்கும். வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் எழுதிய கீழை ஜெட் காற்று இதுதான்.

பின்சேர்க்கை: வேகம் பாதியாகத் தெரிகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பத்தியின் தலைப்பில் அலகைப் பாருங்கள், விநாடிக்கு மீட்டர் என்றிருந்தால் 1.94ஆல் பெருக்குங்கள். மீனம்பாக்கம் தரவு வராத நாளில் காரைக்கால், 43346.