சைக்கிளுக்கு நடு மோட்டர் பூட்டுவோம்: திருகோணமலையில் முதன்முறை செய்பவர்களுக்கு

சைக்கிளுக்கு மோட்டர் பூட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று சில்லின் நடுவிலேயே மோட்டர் இருக்கும் வகை. மற்றது பெடல் அச்சு இருக்கும் இடத்தில் பூட்டும் நடு மோட்டர். சில்லு மோட்டரைப் பூட்டுவது லேசு. ஆனாலும் நான் நடு மோட்டரின் பக்கம்தான். அதன் பலம் செயின் வழியாகப் பின் சில்லுக்குப் போகிறது, ஆகவே நீங்கள் கியரை மாற்றினால் மோட்டருக்கும் கியர் மாறும். கோட்டை வாசலைத் தாண்டி கோணேசர் கோயிலுக்கு ஏறும் ஏற்றத்திலும், கச்சான் வீசும் மாதங்களில் தம்பலகாமம் பக்கம் எதிர்க்காற்றில் போகும்போதும் இதன் அருமை தெரியும். மோட்டரின் பாரமும் சைக்கிளின் நடுவில் தாழ்வாக இருக்கும். பின் சில்லில் பஞ்சர் ஒட்டுவதும் வழக்கம்போலத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கியர் இல்லாத சைக்கிளில் நடு மோட்டரின் பாதிப் பயன் போய்விடும். பின்னுக்கு ஆறோ ஏழோ பல்லுச் சில்லு உள்ள சைக்கிள் கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டாலும் நகருக்குள்ளும் உப்புவெளி, நிலாவெளி பக்கமும் தரை மட்டம்தான், ஒற்றைக் கியரிலும் ஓடலாம். முன்னுக்கு 46 பல், பின்னுக்கு 18 பல், 26 அங்குலச் சில்லு என்றால், நிமிடத்துக்கு 70 தரம் மிதிக்கும்போது மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீற்றர் வேகம் வரும். ஊருக்குள் அது தாராளம்.

காசு கட்டும் முன் அளவெடுங்கள்

பெடல் அச்சு ஊடுருவிப் போகும் குறுக்குக் குழாய்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பாஃபாங் கம்பனியின் பிபிஎஸ்01, பிபிஎஸ்02 போன்ற நடு மோட்டர் செட்டுகள் 68 முதல் 73 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள குழாய்க்குச் செய்யப்பட்டவை. மோட்டரின் தண்டு ஏறத்தாழ 33.5 மில்லிமீற்றர் பருமன், அது குழாய்க்குள் தடையில்லாமல் நுழைய வேண்டும். வேணியர் இடுக்கிமானி ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்து பாருங்கள். பெடலைப் பிடித்திருக்கும் கைகளான இரண்டு கிராங்கும் ஒரே இரும்பாக வளைந்து வரும் சைக்கிள்களில் குழாய் மிகப் பெரிதாக இருக்கும், அதற்குத் தனி இணைப்பு வளையம் தேவை.

அப்புறம் மூன்று இடங்களைக் குனிந்து பாருங்கள். கியர் கேபிள் குழாயின் அடியால் போகிறதா? போனால் அதற்கு வேறு பாதை காட்ட வேண்டும், அந்த இடத்தில்தான் மோட்டர் உட்காரும். பின் சில்லை நோக்கிப் போகும் வலப்பக்கக் குழாய் அகலமாக வெளியே தள்ளியிருந்தால், மோட்டரின் பல்லுப்பெட்டி அதில் முட்டும். கடைசியாக பிரேக். இரும்புக் கம்பி இழுத்துப் பிடிக்கும் பழைய பிரேக்கோடு மோட்டர் பூட்டவே வேண்டாம். கேபிள் பிரேக்குக்கு மாற்றி, புது பிரேக் கட்டை போட்ட பிறகுதான் மற்ற வேலை. பழைய சில்லின் வளையம் புது பிரேக்குக்குப் பொருந்துமா என்று சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டரைவிடப் பற்றரிக்குச் செலவழியுங்கள்

முதன்முறை செய்பவருக்கு 36 வோல்ற், 250 அல்லது 350 வாற் மோட்டர் போதும். பெரிய மோட்டர் செயினையும் பின் பல்லையும் கெதியாகத் தின்றுவிடும்.

பற்றரிக் கணக்கு எளிது. வோல்ற்றை அம்பியர்-மணியால் பெருக்குங்கள். 36 வோல்ற், 10 அம்பியர்-மணி என்றால் 360 வாற்-மணி. நீங்களும் சேர்ந்து மிதித்தால் ஒரு கிலோமீற்றருக்கு 10 வாற்-மணி அளவில் போகும். எதிர்க்காற்றும் பின்னால் ஒரு பிள்ளையும் இருந்தால் 15 என்று வையுங்கள், 24 கிலோமீற்றரோடு பற்றரி முடிந்துவிடும். நகரிலிருந்து நிலாவெளி போய்வர ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஆகவே 13 அம்பியர்-மணிக்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. செல்கள் அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் காக்கும் கட்டுப்பாட்டுப் பலகையான பிஎம்எஸ் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பழைய மடிக்கணினிகளில் கழற்றிய செல்களை ஒட்டி விற்கும் மலிவுப் பொதிகள் வீட்டுக்குள் வரவே கூடாது.

பழையதைக் கழற்றுதல்

பெடல்களில் இடப்பக்கத்துக்கு எதிர்ப்புரி. சாவியின் பிடி மேலே நிற்கும்படி போட்டு, இரண்டு பெடலையும் சைக்கிளின் பின்பக்கம் நோக்கித் திருப்பினால் கழரும் என்று நினைவில் வைத்தால் குழப்பமில்லை.

பழைய சைக்கிள்களில் கிராங்கைக் கொட்டர் பின் என்ற ஆப்பு பிடித்திருக்கும். முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். அதன் நட்டை முழுதாகக் கழற்றாமல், பின்னின் நுனியும் நட்டின் மேல்விளிம்பும் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள், அப்போதுதான் அடிக்கும்போது புரி நசியாது. கிராங்கின் அடியில், பின் வெளியேற இடம்விட்டு, ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நிலத்தில் ஊன்றித் தாங்கல் கொடுங்கள். பிறகு சுத்தியலால் ஒரே அடி, பலமாக. தட்டித் தட்டிப் பார்த்தால் பின் வளைந்து அங்கேயே இறுகிவிடும்.

அடுத்தது பெடல் அச்சையும் அதன் குண்டுகளையும் தாங்கும், குழாயின் இரு பக்கக் கப்புகள். இடப்பக்கக் கப் வழக்கம்போல இடஞ்சுழியாகக் கழரும். வலப்பக்கம் பெரும்பாலான சைக்கிள்களில் எதிர்ப்புரி, அதை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தெரியாமல் மறுபக்கம் திருப்பிப் புரியைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். கீழே ஒரு தட்டை வையுங்கள், குண்டுகள் உருண்டு ஓடும்.

மோட்டரை ஏற்றுதல்

குழாயின் உட்புறத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கிறீஸைத் தடிப்பாகப் பூசுங்கள். நம் ஊரில் இதை விடவே கூடாது. மோட்டரின் தண்டு அலுமினியம், பிரேம் இரும்பு. உப்புக்காற்றின் ஈரம் இரண்டுக்கும் நடுவில் புகுந்தால் அலுமினியம் அரித்து இறுகிப்போகும். பிறகு ஒரு நாள் மோட்டரைக் கழற்ற நினைத்தாலும் வராது.

வலப்பக்கத்திலிருந்து தண்டை நுழைத்து, மோட்டரை முன்பக்கச் சாய்வுக் குழாயைத் தொடும்வரை மேலே தூக்கிப் பிடியுங்கள். சைக்கிள் இழுக்கும்போது மோட்டரின் உடல் எதிர்த்திசையில், மேல்நோக்கித் திரும்பப் பார்க்கும். முதலிலேயே அங்கே சாய்ந்திருந்தால் அது அசைய இடமில்லை. உரசும் இடத்தில் பழைய ரியூப் துண்டொன்றை வையுங்கள்.

இடப்பக்கம் பல்லுள்ள தகடு, இரண்டு சிறு போல்ட், பிறகு பெரிய நட். இந்த நட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன்-மீற்றர் இறுக்கம் வேண்டும். அளக்கும் சாவி இல்லையென்றால், 20 சென்ரிமீற்றர் நீளமான பிடியின் நுனியில் 17 கிலோ அளவு பாரத்தோடு அழுத்துவது அதற்குச் சமம். அதன்மேல் பூட்டு நட். இரண்டுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு கீறிவிடுங்கள். நட் தளர்ந்தால் கோடு விலகி நிற்கும், பார்த்தவுடன் தெரியும்.

கிராங்குகளையும் முன் பல்லுச் சில்லையும் பூட்டிய பின், சைக்கிளின் பின்னால் குனிந்து செயின் நேராக ஓடுகிறதா என்று வடிவாகப் பாருங்கள். பழைய செயினைப் போட வேண்டாம்.

வயர்கள்

இது பயமுறுத்தும், ஆனால் லேசான பகுதி. இணைப்புகளில் அம்புக்குறி உண்டு. அம்புக்கு நேர் அம்பு வைத்து, முறுக்காமல் அழுத்துங்கள். திரையும் பிரேக் பிடிகளும் ஹான்டிலுக்கு. பின் சில்லின் கம்பியில் காந்தம், அதற்கு எதிரே சில மில்லிமீற்றர் இடைவெளியில் வேக உணரி. செட்டோடு வரும் பிரேக் பிடிகளைக் கட்டாயம் பூட்டுங்கள். பிடித்த கணமே மோட்டரை நிறுத்துவது அவைதான்.

பற்றரியைச் சாய்வுக் குழாயில் பட்டியும் கிளிப்பும் போட்டு அசையாமல் இறுக்குங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு தரம் பார்த்து, எல்லா இணைப்பும் முடிந்த பிறகே கடைசியாகப் பற்றரியை இணையுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

பின் சில்லைத் தூக்கி வைத்து, உதவி அளவை 1 இல் விட்டு, கையால் பெடலைச் சுற்றுங்கள். மோட்டர் ஓடும்போது பிரேக் பிடியைத் தொட்டால் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வீதிக்கு எடுக்காதீர்கள். திரையில் சில்லின் அளவைச் சரியாகப் போட்டு, வேக எல்லையை மணிக்கு 25 கிலோமீற்றரில் வையுங்கள். சாதாரண சைக்கிளின் பிரேமும் பிரேக்கும் அதற்கு மேல் தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்கு, வாகனம் குறைந்த விடிகாலையில் உட்துறைமுக வீதி நல்லது. கியர் மாற்றும்போது மிதிப்பதை ஒரு கணம் நிறுத்துங்கள், மோட்டரின் இழுவையோடு மாற்றினால் செயின் அறும்.

முதல் ஐம்பது கிலோமீற்றருக்குப் பிறகு பெரிய நட்டை மறுபடி இறுக்குங்கள். 36 வோல்ற் பற்றரி முழுதாக ஏறினால் 42 வோல்ற் காட்டும், அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகாதீர்கள். வெயிலில் ஓடி வந்த பற்றரி ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள், நித்திரை கொள்ளும் நேரத்தில் வேண்டாம். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் ஈரத் துணியால் துடையுங்கள். குழாய்த் தண்ணீரைப் பீச்சி அடித்தால் உப்பு மோட்டரின் மூட்டுகளுக்குள்ளேயே போய்விடும்.