கைக்குழந்தையை நித்திரைக்குப் போடுவது எப்படி?

நல்லாக இருந்த பிள்ளை ஒரு காரணமும் பிடிபடாமல் நித்திரையிலேயே இறந்துபோவதைத்தான் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். ஒரு வயதுக்குள் நடப்பது, 2 முதல் 4 மாதம் வரை பயம் அதிகம். முற்றாகத் தடுக்க வழியில்லை, ஆனால் ஆபத்தை நன்றாகக் குறைக்கலாம்.

முதலில் கட்டிலை வெறுமையாக்குங்கள். மகளின் 31ஆம் நாள் சடங்கு முடிந்த அன்று எங்கள் வெள்ளவத்தை வீட்டில் சின்னத் தலையணை, பக்கத்துக்கு முட்டுக் கொடுக்க உருளைத் தலையணை இரண்டு, பஞ்சு மெத்தை, கரடிப் பொம்மை என்று குவிந்துவிட்டது. ஆசையாகத் தந்தவை, வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை, எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்தோம். மெத்தையைக் கையால் அமத்திப் பாருங்கள், கை புதைந்தால் அது பிள்ளைக்குச் சரிவராது. இறுக்கமான தட்டை மெத்தையும் சுருங்காத விரிப்பும் போதும்.

அடுத்தது மல்லாக்கப் படுக்க வைப்பது, பகலிலும் இரவிலும். பக்கவாட்டில் வேண்டாம், அப்படியே குப்புறப் புரண்டுவிடும். "கக்கினால் புரைக்கேறுமே பிள்ளை" என்று அம்மம்மா பதறினார். உண்மையில் மல்லாக்கக் கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் ஏறுவது கடினம், குப்புறக் கிடந்தால்தான் அது சுலபம். அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கி, பத்து வருடத்துக்குள் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பிள்ளை தானாக இரண்டு பக்கமும் புரளப் பழகிய பிறகு நித்திரையில் புரண்டால் அப்படியே விடலாம். புரள எத்தனிக்கும்போதே துணியால் சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

கொழும்புப் புழுக்கத்துக்குத் தொப்பியும் போர்வையும் எதற்கு? கை கால் குளிர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் உடுப்பைக் குறையுங்கள். டெங்கு ஊர், நுளம்பு வலை கட்டத்தான் வேண்டும், ஆனால் முகத்தில் தொங்காமல் இழுத்துக் கட்டுங்கள். கழுத்தில் பஞ்சாயுதச் சங்கிலி இருந்தால் கழற்றிவிடுங்கள்.

குறைந்தது 6 மாதம் உங்கள் அறையிலேயே, தனிக் கட்டிலில் போடுங்கள். ஏணையில் ஆட்டினாலும் கண்ணயர்ந்ததும் கட்டிலுக்கு மாற்றுங்கள், அந்த வளைவில் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம். செற்றியில் பிள்ளையை அணைத்தபடி நீங்கள் தூங்கிப்போவதுதான் மிக ஆபத்து. தாய்ப்பால் கொடுப்பது பாதுகாப்பு, வீட்டுக்குள் யாரும் சிகரெட் பற்றவே கூடாது.

அப்புறம், நீங்கள் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்ப்பவருக்கும் இதைச் செய்து காட்டுங்கள். மல்லாக்கப் படுத்துப் பழகிய பிள்ளையை ஒருநாள் குப்புறப் போட்டால் ஆபத்து இன்னும் கூடும்.