பழைய பெட்ரோல் டிராக்டருக்கு பிளக் ஒயர் வாங்கப் போறீங்களா, கொஞ்சம் நில்லுங்க

ஊர்ல மாமாகிட்ட போன்ல "டிராக்டருக்கு பிளக் ஒயர் மாத்திட்டு இருக்கேன் மாமா"ன்னு சொன்னேன், "டிராக்டருக்கு ஏதுடா பிளக்கு"ன்னு சிரிச்சிட்டாரு. அவர் சொல்றதும் சரிதான், நம்ம ஊர்ல ஓடுறது அத்தனையும் டீசல், அதுல பெட்ரோல பத்த வைக்க பொறி விடற ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதுக்கு கரண்ட் கொண்டு போற ஒயரும் கிடையாது. ஆனா நான் இருக்கறது மிச்சிகன்ல, இங்க வாங்கின பழைய வீட்டோட கொட்டகைல ஒரு ஃபோர்டு 8என் சும்மா நின்னுட்டு இருந்துச்சு. 1947ல இருந்து 1952 வரைக்கும் இதே மாநிலத்துல ஹைலேண்ட் பார்க்ல செஞ்ச வண்டி, 5 லட்சத்துக்கு மேல வித்திருக்கு, அதான் இன்னும் பாதி கொட்டகைல ஒண்ணு கிடக்குது. பெட்ரோல், நாலு சிலிண்டர், 6 வோல்ட் பேட்டரி, அதுலயும் வழக்கமான நெகட்டிவ் இல்ல, பாசிட்டிவ்தான் பாடியில எர்த். முதல் தடவ பாக்கறவனுக்கு தல சுத்தும்.

வண்டி வெயில்ல நல்லா ஓடுச்சு, பனி பெஞ்ச காலைல மட்டும் மிஸ் அடிச்சு உதறும். பொறிக்கான கரண்ட விட்டு விட்டு குடுக்கற பாயின்ட் மாத்தினேன், அதோட இருக்கற கன்டன்சர் மாத்தினேன், பிளக்க கழட்டி முனை இடைவெளி 0.025 இன்ச் வச்சேன், ஒண்ணும் சரியாகல. ஒரு நாள் ராத்திரி லைட்ட அணைச்சிட்டு வண்டிய ஐட்லிங்ல விட்டு, செடிக்கு தண்ணி அடிக்கற ஸ்பிரேய எட்ட நின்னு ஒயர் மேல பனி மாதிரி தூவினேன். மூணாவது ஒயர் மேனிஃபோல்ட் (இன்ஜினோட இரும்புக் குழாய்) பக்கமா சாஞ்சிருந்த இடத்துல நீலமா சின்னதா டிக் டிக்குனு பொறி ஓடுச்சு பாருங்க, அப்பதான் ஒயர்ல இருந்து கரண்ட் வெளிய கசியுதுன்னு புரிஞ்சுது. நீங்களும் இத பண்ணிப் பாக்கலாம், கைய மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க, முன்னாடி ஃபேன் சுத்துது, லுங்கி துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

சரி ஒயர் தானேன்னு பக்கத்துல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல போய் "நாலு சிலிண்டர் செட்டு குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன், அதான் நான் பண்ண தப்பு. அவங்க குடுத்தது காருக்கு போடற கார்பன் கோர் ஒயர். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், உள்ளதான் வித்தியாசம். கார்ல ரேடியோ கரகரன்னு கத்தக் கூடாதுன்னு ஒயருக்குள்ள செம்புக்கு பதிலா கார்பன் ஏத்தின நூல் வச்சிருப்பாங்க, அடிக்கு சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டன்ஸ் வரும். நம்ம டிராக்டர்ல ரேடியோ எங்க இருக்கு? புதுசா இருக்கறப்ப அந்த ஒயர்லயும் வண்டி ஓடத்தான் செய்யும், ஓடாதுன்னு சொன்னா அது பொய். ஆனா டிராக்டர் உதறுற உதறல்ல, வளைச்சு வளைச்சு கழட்டி மாட்டறதுல, உள்ள இருக்கற நூல் எங்கயாவது விட்டுப் போகும், அப்புறம் நல்லா இருந்த வண்டி திடீர்னு மிஸ் அடிக்கும், நீங்க கார்புரேட்டர கழட்டிட்டு உக்காந்திருப்பீங்க. எனக்கு ரெண்டே மாசத்துல ஆச்சு. மல்டிமீட்டர் வச்சுகிட்டு ஒயர மெதுவா வளைச்சா ரீடிங் குரங்கு மாதிரி தாவுது.

அதனால கேக்கறப்பவே "காப்பர் கோர், மெட்டல் கோர்"னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா கைல மீட்டர் கொண்டு போங்க, ரெண்டு முனைலயும் வச்சா காப்பர் ஒயர் கிட்டத்தட்ட ஜீரோ ஓம் காட்டும், ஆயிரக்கணக்குல காட்டுச்சுன்னா திருப்பிக் குடுத்துருங்க. மேக்னெட்டோ (பேட்டரி இல்லாம தானே பொறிக்கு கரண்ட் தர்றது) வச்ச இன்னும் பழைய டிராக்டரா இருந்தாலும் காப்பர்தான். ஒரே ஒரு விதிவிலக்கு, பாயின்ட்ட தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டிருந்தா அந்த கிட்டோட வர்ற பேப்பர படிங்க, பெரும்பாலும் ரெசிஸ்டன்ஸ் ஒயர் இல்லனா ரெசிஸ்டர் பிளக் கேப்பாங்க. அங்க வெறும் காப்பரும் சாதா பிளக்கும் போட்டா அந்த சின்ன மாட்யூல் குழம்பிப் போக வாய்ப்பிருக்கு. 6 வோல்ட்ட 12 வோல்ட்டா மாத்தியிருந்தா ஒயர் பத்தி கவலப்படாதீங்க, அதே ஒயர்தான், பேட்டரி வோல்ட்ட பொறிக்கு ஏத்த அளவுக்கு ஏத்தற காயில்தான் அதுக்கு ஏத்தமாதிரி இருக்கணும்.

அடுத்து எத்தன ஒயர்னு பாருங்க, 8என்ல இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. 1950 வரைக்கும் வந்த வண்டில டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வச்சு கரண்ட பிரிச்சு விடறது) இன்ஜினுக்கு முன்னாடி ஃபேனுக்குப் பின்னால இருக்கும், காயில் நேரா அது தலை மேலயே உக்காந்திருக்கும், அதனால காயில் ஒயரே கிடையாது, நாலு போதும். அப்புறம் வந்ததுல டிஸ்ட்ரிபியூட்டர் சைடுல நிமிந்து நிக்கும், காயில் தனியா இருக்கும், அதுக்கு அஞ்சாவதா ஒரு ஒயர் வேணும். "8என் செட்டு"ன்னு மட்டும் சொல்லி ஆர்டர் போட்டா எது வரும்னு கடவுளுக்குத்தான் தெரியும், ஃப்ரண்ட் மவுன்ட்டா சைட் மவுன்ட்டான்னு சொல்லுங்க.

தடிமன் 7 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் இன்னும் பவர்ஃபுல்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஒயர சொருகற பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதான் கேப், அதோட ஓட்டைல அது உள்ளயே போகாது, அமுக்கிப் போட்டா கேப் விரிசல் விடும். மேல் உறைய பொறுத்தவரைக்கும் சிலிகான் சூடு தாங்கும் ஆனா கூர்மையான விளிம்புல பட்டா சீக்கிரம் கிழியும், பழைய ஸ்டைல்ல பருத்தி நூல் பின்னி வார்னிஷ் அடிச்சது பாக்க அழகு, மழைல நிக்கற வண்டிக்கு நான் போட மாட்டேன். கண்காட்சிக்கு கொண்டு போறவங்க போடட்டும்.

இங்கிலாந்துல கோவென்ட்ரில செஞ்ச ஃபெர்குசன் டிஇ20 பெட்ரோல் வண்டி வச்சிருந்தா இன்னொரு விஷயம். பழைய லூகாஸ் கம்பெனி கேப் சிலதுல ஒயர சைடுல இருந்து நுழைச்சு, கேப்புக்கு உள்பக்கமா கூர்முனை ஸ்க்ரூவ முறுக்கினா அது உறைய குத்திகிட்டு செம்புல போய் நிக்கும். கார்பன் நூல்ல அந்த ஸ்க்ரூ பிடிப்பே கிடைக்காது. அந்த மாதிரி கேப்புக்கு முனைல உலோக டெர்மினல் நெரிச்சு மாட்டின ரெடிமேட் ஒயர் ஆகாது, மீட்டர் கணக்குல காப்பர் ஒயர் வாங்கி வெட்டிப் போடறதுதான்.

வெட்டற ஒயரே நல்லதுன்னு எனக்கு படுது, ரெடிமேட்ல ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைனு வந்து பெட்ரோல் டேங்குக்கு அடியில சுருண்டு கிடக்கும். பழைய ஒயர ஒவ்வொண்ணா கழட்டி பக்கத்துல வச்சு அளந்து ஒரு இன்ச் சேத்து வெட்டுங்க. மொத்தமா கழட்டிப் போட்டுட்டு அப்புறம் எது எங்கன்னு தேடாதீங்க, ஒண்ண கழட்டி ஒண்ண மாட்டிட்டு அடுத்தத தொடுங்க. அப்படியும் குழம்பிட்டா 8என்னோட ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்ல பொறி அடிக்கற வரிசை) 1-2-4-3, ஃபெர்குசனுக்கு 1-3-4-2, இத மாத்திப் போட்டா ஸ்டார்ட்டே ஆகாது இல்லனா சைலன்ஸர்ல பட்டாசு வெடிக்கும். 8என்ல ஒண்ணும் ரெண்டும் அடுத்தடுத்து அடிக்கற சிலிண்டர், அதனால அந்த ரெண்டு ஒயரையும் ஒட்டி வச்சு டேக் கட்டாதீங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு கரண்ட் தாவும்.

பிளக் மேல போடற பூட் (ஒயர் முனைல இருக்கற ரப்பர் உறை) நேரா வேணுமா 90 டிகிரி வளைஞ்சது வேணுமான்னு வாங்கறதுக்கு முன்னாடி டேங்குக்கும் பிளக்குக்கும் நடுவுல விரல விட்டுப் பாருங்க, பானெட்ட மூடினா இடிக்கக் கூடாது. மாட்டறப்ப டக்குனு ஒரு சத்தத்தோட பிடிக்கணும், தொளதொளன்னு இருந்தா டெர்மினல பிளையர் வச்சு லேசா நெரிச்சு விடுங்க.

கழட்டின பழைய ஒயர்ல மீட்டர்ல நல்லா காட்டுற நீளமான ஒண்ண தூக்கிப் போடாம டூல் பாக்ஸ்ல சுருட்டி வைங்க, வயல் நடுவுல நிக்கறப்ப எந்த ஒயர் போச்சுன்னு கண்டுபிடிக்க ஒவ்வொரு சிலிண்டருக்கா மாத்தி மாத்திப் போட்டுப் பாக்க அது போதும்.