வீட்டு சிசிடிவி: எப்போதும் ஓடும் பதிவா, அசைவு தெரிந்தால் மட்டும் பதிவா?

போன வருஷம் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், வாசலில் நின்ற அப்பாவின் சைக்கிளைக் காணோம். கேமராதான் இருக்கிறதே என்று தைரியமாக மொபைலைத் திறந்தேன். அதிகாலை 3 மணி 12 நிமிஷத்துக்குப் பதிவான ஒரே ஒரு துண்டு வீடியோ இருந்தது. அது ஆரம்பிக்கும்போதே ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறான், முதுகு மட்டும்தான் தெரிகிறது. "இதுக்கு முன்னாடி ஓட்டுப்பா, உள்ள வரும்போது மூஞ்சி தெரியுமே" என்றார் அப்பா. முன்னாடி எதுவும் பதிவாகவில்லை. இத்தனைக்கும் மெமரி கார்டில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. 'அசைவு தெரிந்தால் மட்டும்' என்ற அமைப்பை நான் மாற்றாமலே விட்டிருந்தேன்.

புதிதாகக் கேமரா மாட்டுகிறவர்கள் இதை முதல் நாளே சரிசெய்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விளக்கம்.

படி 1: கேமரா எந்த ரகம்?

பேட்டரியில் ஓடும் கேமராக்கள் பெரும்பாலும் அசைவுப் பதிவுக்கென்றே செய்யப்பட்டவை. சார்ஜைச் சேமிக்க அவை தூங்கிக்கொண்டிருக்கும். உடல் வெப்பத்தை உணரும் சென்சார் தட்டி எழுப்பிய பிறகுதான் பதிவு தொடங்கும், அதற்குள் முதல் ஓரிரு நொடி போய்விடலாம். கோடை வெயிலில் சுவரும் தரையும் நம் உடம்பளவுக்குச் சூடாகிவிட்டால் இந்த சென்சார் இன்னும் தடுமாறும். நேரடி மின்சாரத்தில் ஓடும் வைஃபை கேமராவோ, டிவிஆர் (பல கேமராக்களின் பதிவைச் சேமிக்கும் பெட்டி) இணைத்த கேமராவோ இருந்தால் பெரும்பாலும் இரண்டு வகையும் கிடைக்கும்.

படி 2: எத்தனை நாள் தங்கும் என்று கணக்குப் போடுங்கள்

எப்போதும் ஓடவிட்டால் இடம் போதாது என்று பலர் கணக்குப் பார்க்காமலே பயப்படுகிறார்கள். கேமரா அமைப்பில் 'பிட்ரேட்' என்று ஒரு எண் இருக்கும். அது நொடிக்கு எத்தனை மெகாபிட்டோ, அதை 10.8 ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். (ஒரு நாளில் 86,400 நொடி, 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். இந்த 10.8 அப்படி வந்ததுதான்.)

1080பி கேமரா 2 மெகாபிட்டில் ஓடினால் நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமரா என்றால் 86.4 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்கில் ஏறக்குறைய 11 நாள் தங்கும். ஒற்றை வைஃபை கேமரா 1 மெகாபிட்டில் ஓடினால் 128 ஜிபி கார்டிலும் அதே 11 நாள்தான். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகளில் 'ஹெச் 265' என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். பழைய ஹெச் 264-இன் தெளிவை ஏறக்குறைய பாதி இடத்திலேயே தந்துவிடும், அதற்கேற்ப பிட்ரேட்டையும் குறைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குப் போனால் அதிகபட்சம் எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடக்கும்? அதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாகப் பதிவு தங்கினால் போதும்.

படி 3: எந்தக் கேமராவுக்கு எது?

கேட், வண்டி நிறுத்தும் இடம், வாசற்கதவு மூன்றுக்கும் எப்போதும் ஓடும் பதிவுதான் என்பது என் தீர்மானமான கருத்து. ஆள் அதிகம் போகாத மொட்டை மாடி, பின்கட்டு, கிணற்றடிக்கு அசைவுப் பதிவு போதும். கடைத்தெருவைப் பார்த்த வீடென்றால் அசைவுப் பதிவால் இடம் மிச்சமாகும் என்று நம்ப வேண்டாம். அங்கே எந்நேரமும் ஏதாவது நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

எப்போதும் ஓடவிடுவதில் ஒரு சிரமம் உண்டு. வேண்டிய நிமிஷத்தைத் தேடி எடுப்பது பெரும்பாடு. அதனால் பதிவை ஓடவிட்டுக்கொண்டே அசைவு கண்டறிதலையும் போட்டுவிடுங்கள். அசைவு இருந்த நேரமெல்லாம் டைம்லைனில் தனி நிறத்தில் தெரியும். கேமரா எதையாவது அசைவென்று கவனிக்கத் தவறினாலும் பதிவு கையில் இருக்கும்.

படி 4: அமைப்பை மாற்றுங்கள்

செயலியிலோ டிவிஆர் மெனுவிலோ 'ஸ்டோரேஜ்' அல்லது 'ரெக்கார்டிங் ஷெட்யூல்' என்ற பகுதிக்குப் போங்கள். ஏழு நாளும் 24 மணி நேரமும் கட்டம் கட்டமாக இருக்கும். எந்த நிறம் எந்த வகைப் பதிவு என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். நிறத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டங்களின் மேல் இழுத்துவிட்டுச் சேமியுங்கள். பழைய பதிவை அழித்து அதன் மேல் புதியதை எழுதும் 'ஓவர்ரைட்' இயங்குகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க் நிரம்பியதும் பதிவு நின்றுவிடும்.

அசைவுப் பதிவு போட்ட கேமராக்களில் 'ப்ரீ ரெக்கார்ட்' இருந்தால் 5 அல்லது 10 நொடி வையுங்கள். அசைவு தெரிவதற்கு முந்தைய நொடிகளையும் சேர்த்துச் சேமிக்கும். எங்கள் வீட்டில் அன்று தேவைப்பட்டது அந்தச் சில நொடிகள்தான்.

இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருந்தால் சாதாரண மெமரி கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்ட கார்டாகக் கேட்டு வாங்குங்கள். டிவிஆருக்கு சிசிடிவிக்கென்றே வரும் சர்வைலன்ஸ் ஹார்ட் டிஸ்க் போடுவது நல்லது.

படி 5: பொய் அசைவுகளைக் குறையுங்கள்

பல கேமராக்கள் படத்தின் புள்ளிகள் மாறுவதை வைத்துத்தான் அசைவை அறிகின்றன. வேப்பமர நிழல் ஆடினாலும் மழை பெய்தாலும் அதற்கு அசைவுதான். ராத்திரியில் இன்னும் மோசம். இருட்டில் பார்ப்பதற்காகக் கேமரா வீசும் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், லென்ஸ் ஓரத்தில் சிலந்தி வலை பின்னும். ஒற்றை நூல் காற்றில் ஆடினால் போதும், திரையில் வெள்ளைக் கயிறு போல வீசி விடிய விடிய அலாரம் அனுப்பும். பொறுக்க முடியாமல் அறிவிப்பையே அணைத்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் லென்ஸைத் துடையுங்கள். அசைவு எல்லையில் மரத்தையும் தெருவையும் விட்டுவிட்டு, கேட்டுக்கு உட்புறம் மட்டும் கட்டம் போடுங்கள். மனிதரை மட்டும் கண்டறியும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

படி 6: நடந்து பாருங்கள்

முதலில் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பதிவில் நேரம் தப்பாக இருந்தால், போலீசிடம் கொடுக்கும்போது பதில் சொல்லி மாளாது.

பிறகு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் ஒருவரை கேட்டிலிருந்து வாசல்வரை மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள். ஒருமுறை குறுக்கே, ஒருமுறை கேமராவை நோக்கி நேராக. நேராக வருபவரைப் பல கேமராக்கள் தாமதமாகத்தான் கவனிக்கும். பதிவைத் திறந்து, முகம் எந்த நொடியில் தெரிகிறது என்று பாருங்கள். கேட்டைத் திறக்கும்போதே தெரியவில்லை என்றால் உணர்திறனை ஒரு படி ஏற்றி, மறுபடி நடக்கச் சொல்லுங்கள்.

படி 2-இல் கணக்கில் வந்த நாட்களுக்கு மேல் இரண்டு மூன்று நாள் கழித்து, இருப்பதிலேயே பழைய பதிவு எந்தத் தேதியது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் போட்ட கணக்கு சரியா என்பது அப்போது தெரிந்துவிடும்.