மின்னஞ்சலை ஆன்டிவைரஸ் எங்கே சோதிக்கிறது? சரிபார்க்கும் முறை

கணினியில் ஆன்டிவைரஸ் இருப்பதாலேயே அது நமக்கு வரும் மின்னஞ்சலையும் சோதிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எந்த இடத்தில் சோதிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அதன் அமைப்புகளில் கை வைக்க வேண்டும்.

ஜிமெயிலை உலாவியில் திறந்து படிப்பவரின் கடிதங்களை முதலில் கூகுளின் சர்வரே சோதித்துவிடுகிறது. இஎக்ஸ்இ போன்ற சில வகைக் கோப்புகளை அது இணைக்கவே விடுவதில்லை. அதையும் தாண்டி வரும் இணைப்பை நீங்கள் டவுன்லோடு செய்து, கோப்பு வட்டில் பதியும்போதுதான் பெரும்பாலும் உங்கள் கணினியின் ஆன்டிவைரஸ் அதைப் பார்க்கிறது. ஆகவே உலாவியில் படிப்பவர்கள், கோப்புகளை உடனுக்குடன் சோதிக்கும் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்குகிறதா என்பதையும், ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விட்டுவிடும் விலக்குப் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறை தவறுதலாகச் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்தாலே போதும்.

அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களில் படிப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் அதிகம். கடிதங்களை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையின் 993, கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையின் 995 ஆகிய போர்ட்டுகளின் (இணைப்பு வாயில் எண்களின்) வழியே வரும் கடிதங்கள் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால், மின்னஞ்சல் சோதனை வசதியுள்ள சில ஆன்டிவைரஸ்கள் தங்களை நம்பும்படி கணினிக்குச் சொல்லும் டிஜிட்டல் சான்றிதழை அதில் நிறுவி, நடுவில் நின்று பிரித்துப் படிக்கின்றன. தண்டர்பேர்ட் தனக்கென்று தனிச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதால், அந்தச் சான்றிதழை அறியாமல் எச்சரிக்கை காட்டுவதுண்டு. அப்போது சான்றிதழை வழங்கியவர் பெயரைப் பாருங்கள். அது உங்கள் ஆன்டிவைரஸின் பெயராக இருந்தால் அதன் சான்றிதழைத் தண்டர்பேர்டில் சேர்த்துக்கொள்ளலாம். வேறு பெயராக இருந்தால் ஏற்கக் கூடாது.

தண்டர்பேர்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது ஒரு கோப்புறையின் கடிதங்கள் அனைத்தையும் வழக்கமாக ஒரே கோப்பில் சேமிக்கிறது; அவற்றில் ஒரு கடிதத்தில் வைரஸ் இருந்தாலும், ஆன்டிவைரஸ் முழு இன்பாக்ஸையும் திறக்க முடியாதபடி ஒதுக்கித் தனிமைப்படுத்திவிடக்கூடும். ஐமேப் என்றால் சர்வரில் பிரதி இருக்கும். பாப் முறையில் இறக்கி, சர்வரில் அழித்துவிட்டவர்களின் பாடுதான் திண்டாட்டம். தண்டர்பேர்டின் தனியுரிமை, பாதுகாப்பு அமைப்புகளில் ஆன்டிவைரஸ் என்ற பகுதிக்குச் சென்று, வரும் கடிதங்களைத் தனித்தனியாகத் தனிமைப்படுத்த அனுமதிக்கும் தேர்வை இயக்கிவிட்டால் அந்த ஆபத்து குறையும்.

எல்லாம் இயங்குகிறதா என்று சோதிக்க உண்மையான வைரஸைத் தேட வேண்டியதில்லை. ஆன்டிவைரஸ் ஆய்வுக்கான ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு வெளியிட்டுள்ள 68 எழுத்துக்குறிகள் கொண்ட சோதனைக் கோப்பு எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸ் போலவே பிடிக்கும். ஐகாரின் தளத்திலிருந்து அதை இறக்கிப் பாருங்கள். எச்சரிக்கை எதுவும் வராமல் கோப்பு சேமிக்கப்பட்டு, திறக்கவும் முடிந்தால் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்கவில்லை என்று பொருள்.

விண்டோஸில் கோப்பு வகைப் பெயர்களைக் காட்டும் தேர்வையும் இயக்கிவிடுங்கள். 2000 மே மாதம் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸின் கோப்புப் பெயர் டிஎக்ஸ்டி, விபிஎஸ் என்ற இரட்டை வாலுடன் வந்தது. விண்டோஸ் கடைசி வாலை மறைத்ததால், பலர் அதைச் சாதாரண எழுத்துக் கோப்பு என்று நம்பித் திறந்தார்கள்.

கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பு வேறொரு சிக்கல். கடவுச்சொல் இல்லாமல் சோதனை மென்பொருளால் அதன் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. எமோட்டெட் என்ற தீங்கு மென்பொருளை மின்னஞ்சலில் பரப்பிய கும்பல் கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதி அனுப்பியதும் இதற்காகத்தான். எதிர்பாராமல் அப்படி ஒன்று வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்காமல் பிரிக்காதீர்கள். கேட்டுத் தெளிந்த பின் பிரிக்கும்போது நிகழ்நேரப் பாதுகாப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தி வைக்காதீர்கள். உள்ளிருக்கும் கோப்பை ஆன்டிவைரஸ் பார்க்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அதுதான்.

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் செலுத்துங்கள்’ என்று இணைப்போ சுட்டியோ இல்லாமல் வரும் கடிதத்தில் ஆன்டிவைரஸ் பிடிப்பதற்கு நிரல் எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும்.