மக்களுக்குத் திருப்தியா என்று கேட்பதற்கு முன்: உள்ளாட்சிச் சேவைக் கணக்கெடுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகராட்சி, குடியிருப்போர் நலச் சங்கம், சமூகவியல் பயிலும் கல்லூரி மாணவர்கள் என்று பலரும் இன்று உள்ளாட்சிச் சேவைகளைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். கைப்பேசியில் ஒரு படிவத்தைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிட்டால் ஒரு வாரத்தில் சில நூறு பதில்கள் சேர்ந்துவிடும். அவற்றை வண்ண வரைபடமாக்கி, இத்தனை விழுக்காட்டினர் திருப்தி என்று அறிவித்துவிடலாம். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யாராவது திருப்பிக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெரும்பாலான கணக்கெடுப்புகளில் அது சேவையின் தரத்தைக் காட்டுவதில்லை. அந்த அலுவலகத்தைப் பற்றி ஊரில் நிலவும் பேச்சைத்தான் காட்டுகிறது. ஒரு சேவையைப் பயன்படுத்தியவரையும் அதன் பக்கமே போகாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்பதே இதற்கு முதற்காரணம்.

பயன்படுத்தாதவரிடம் தரத்தைப் பற்றிக் கேட்பது

சென்னை மாநகராட்சி 2013ஆம் ஆண்டு தொடங்கிய அம்மா உணவகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் விற்ற அந்த உணவகத்தைப் பற்றி, அங்கே ஒருநாளும் சாப்பிடாத அடுக்குமாடிக் குடியிருப்புவாசிக்கும் உறுதியான கருத்து இருக்கும். அந்தக் கருத்து அரசியல் சார்பிலிருந்தோ நாளிதழ்ச் செய்தியிலிருந்தோ வந்திருக்கலாம். தினமும் காலையில் அங்கே சாப்பிட்டுவிட்டு வேலைக்குச் செல்லும் கட்டடத் தொழிலாளியின் பதிலோ இட்லியின் சூட்டிலிருந்தும் வரிசையின் நீளத்திலிருந்தும் வருகிறது. இரண்டையும் கூட்டி விழுக்காடு போட்டால், அந்த உணவகத்தை நடத்துபவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

உள்ளாட்சிச் சேவைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. தெருவிளக்கு, சாலை, குப்பை அகற்றுதல், மழைநீர் வடிகால் ஆகியவை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஊரில் வாழும் அனைவரும் பயன்படுத்துபவை. இவற்றைப் பற்றி எல்லோரிடமும் கேட்கலாம். மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், பூங்கா, பொதுக் கழிப்பிடம் போன்றவை மக்கள் தேர்ந்து பயன்படுத்துபவை. பிறப்புச் சான்றிதழ், சொத்து வரிப் பெயர் மாற்றம், கட்டட அனுமதி போன்றவற்றுக்கு ஒரு குடும்பம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அலுவலகத்தின் படியேறுகிறது. பின்னிரு வகைகளுக்கும், "கடந்த 12 மாதங்களில் நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இதைப் பயன்படுத்தினீர்களா?" என்ற கேள்வி முதலில் வர வேண்டும். ஆம் என்றவரிடம் மட்டுமே திருப்தியைப் பற்றிக் கேட்க வேண்டும். கால எல்லை வைக்காமல் கேட்டால், பத்தாண்டுகளுக்கு முன்பு கையெழுத்துக்காக மூன்று முறை அலைந்தவரின் கோபம் இன்றைய இணையவழிச் சேவையின் கணக்கில் ஏறிவிடும்.

ஆனால் இல்லை என்றவரை அப்படியே விட்டுவிடுவது முதல் தவறுக்குச் சற்றும் குறையாத தவறு. பொதுக் கழிப்பிடத்துக்குள் சென்று வந்தவர்களிடம் மட்டும் கேட்டால், அதைச் சகித்துக்கொள்ளக் கூடியவர்களின் கருத்துதான் கிடைக்கும். தாழ்ப்பாள் இல்லை, விளக்கு இல்லை என்பதால் உள்ளே காலெடுத்து வைக்காமலேயே திரும்பிவிட்ட பெண்கள் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார்கள். உண்மையில் அந்தக் கழிப்பிடத்தைப் பற்றி அதிகம் சொல்லக் கூடியவர்கள் அவர்களே. ஆகவே பயன்படுத்தாதவருக்குத் திருப்திக் கேள்விக்குப் பதிலாகக் காரணக் கேள்வி வேண்டும்: தேவைப்படவில்லையா, இருப்பதே தெரியாதா, தொலைவா, நேரம் ஒத்துவரவில்லையா, போய்ப் பார்த்துப் பிடிக்கவில்லையா? என் கருத்தில், ஒரு நகராட்சிக்கு மிகப் பயனுள்ள பக்கம் இந்தக் காரணங்களின் பட்டியல்தான். நடைமுறையில் கேள்வித்தாளில் இடமில்லை என்று முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

யாருடைய சேவை என்று பிரிக்காமல் கேட்பது

தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அது மழைநீர் வடிகால் அடைப்பால் என்றால் சென்னையில் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் பொங்கியதால் என்றால் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. சாலையோ சில இடங்களில் மாநகராட்சியுடையது, சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. மின்தடை மின்வாரியத்தைச் சேர்ந்தது, பட்டா வருவாய்த் துறையைச் சேர்ந்தது, நியாயவிலைக் கடையும் மாநகராட்சியுடையது அல்ல. குடியிருப்பவருக்கு இவை எல்லாமே "கார்ப்பரேஷன்" தான். அதில் அவர்மீது குறை காண ஒன்றுமில்லை. அந்தப் பிரிவினையைச் செய்துகொள்ள வேண்டியவர் கேள்வி கேட்பவர். நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், நேர்ந்ததைச் சொல்லிக் கேட்க வேண்டும்: "கடந்த ஒரு மாதத்தில் உங்கள் தெருவில் கழிவுநீர் பொங்கியதா? எத்தனை நாளில் சரிசெய்தார்கள்?" எந்தப் பதில் யார் கணக்கில் சேர வேண்டும் என்பதைப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம். சென்னைக்கு எழுதிய கேள்வித்தாளை அப்படியே மதுரைக்கோ திருச்சிக்கோ எடுத்துச் செல்வதும் இதே வகைத் தவறுதான். அங்கே வீட்டுக் குடிநீர் இணைப்பு மாநகராட்சியின் நேரடிப் பணி.

இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்பதும் பரவலாகக் காணப்படுகிறது. "குப்பை அகற்றுதல் மற்றும் தெருவிளக்குப் பராமரிப்பில் உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டால், பேட்டரி வண்டி காலையில் தவறாமல் வந்தாலும் தெருமுனை விளக்கு எரியாமல் கிடக்கும் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? ஏதோ ஒன்றைச் சொல்வார். அது எதைப் பற்றியது என்று கேட்டவருக்கும் தெரியாது.

எதிர்பார்ப்பைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது

தெருமுனையில் சின்டெக்ஸ் தொட்டியின் முன்னால் வண்ண வண்ணமாக பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. குடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் தண்ணீர் விநியோகம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இப்ப ஒரு குறையும் இல்லைப்பா, ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வந்துடுது" என்கிறார். போன கோடையில் வாரத்துக்கு ஒருமுறைதான் வந்தது என்பதால் அவருக்கு இது பெரிய முன்னேற்றம். இரண்டு தெரு தள்ளி, குழாயில் தினமும் தண்ணீர் வரும் வீட்டில் அழுத்தம் போதவில்லை என்று ஒருவர் "மிகவும் அதிருப்தி" என்ற கட்டத்தில் குறியிடுகிறார். இந்த இரண்டு பதில்களையும் மட்டும் வைத்துப் பார்த்தால், லாரியை நம்பியிருக்கும் தெருவில் எல்லாம் நலம் என்றும், குழாய் உள்ள தெருவுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்றும் முடிவாகும். திருப்தி என்பது கிடைப்பதற்கும் எதிர்பார்ப்பதற்கும் உள்ள இடைவெளி. எதிர்பார்க்கும் உரிமையே தமக்கு இல்லை என்று பழகிப்போனவர்களிடம் அந்த இடைவெளி சிறியதாகத்தான் இருக்கும். எனவே திருப்திக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் முன்பாக எண்ணிச் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்க வேண்டும்: வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர், எத்தனை குடம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது? இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று முரண்படும் தெருக்களைத்தான் முதலில் நேரில் சென்று பார்க்க வேண்டும்.

பட்டியலில் இல்லாதவர்களை மறப்பது

வீடுகளைத் தேர்ந்தெடுக்கச் சொத்து வரிப் பதிவேட்டைக் கையில் எடுப்பது எளிது. அது தயாராகவே இருக்கிறது. ஆனால் அதில் இருப்பவை வீட்டு உரிமையாளர்களின் பெயர்கள். வாடகைக்கு இருப்போர், வரி விதிக்கப்படாத புறம்போக்குக் குடியிருப்பில் வாழ்வோர் ஆகியோர் அதில் இல்லை. வாக்காளர் பட்டியலை எடுத்தால், ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களும் விடுபடுவார்கள். ஒவ்வொரு வார்டிலும் சில தெருக்களைக் குலுக்கலில் தேர்ந்து, அந்தத் தெருக்களில் மாடி வீடு, பின்கட்டு, குடிசை என்று கதவுள்ள அனைத்தையும் எண்ணிக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு இத்தனையாவது வீடு என்று ஒழுங்காகச் செல்வது உழைப்பு மிகுந்த வழிதான். என்றாலும் இந்தக் குறை அதில் பெருமளவு நீங்கும். வீட்டுக்குள்ளும் கதவைத் திறப்பவரிடமே கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. பகல் பதினொரு மணிக்குப் போனால் ஓய்வுபெற்றவர்களின் ஊர் கிடைக்கும். ஞாயிறு மாலையில் போனால் வேறோர் ஊர் கிடைக்கும். வயது வந்தவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரிடம் கேட்பது என்பது உலகெங்கும் பயன்படும் எளிய விதி.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் இந்தக் குறைகள் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பிழையானது. வாட்ஸ்அப்பில் வந்த ஐந்தாயிரம் பதில்கள், அந்தக் குழுக்களில் இருப்பவர்களில் பதில் சொல்ல மனம் இருந்தவர்களின் பதில்கள் மட்டுமே. மாறாக, சரியாகக் குலுக்கி எடுத்த 400 பேரைக் கொண்டு ஒரு நகரம் முழுவதையும் பற்றி, ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகள் கூடவோ குறையவோ போகலாம் என்ற அளவில் நம்பத்தகுந்த முடிவைச் சொல்லலாம். அதே 400 பேரைச் சென்னையின் 200 வார்டுகளுக்கும் பிரித்து, வார்டுவாரியாகத் தரவரிசை போட்டால் வார்டுக்கு இருவர்தான் இருப்பார்கள்; அது வேடிக்கையாக முடியும். பயன்பாட்டைப் பிரித்துக் கேட்கும்போதும் இதே கவனம் தேவை. 400 பேரில் 40 பேர்தான் ஓராண்டுக்குள் சான்றிதழுக்காகப் போனவர்கள் என்றால், அவர்களின் திருப்தி விழுக்காடு பதினைந்து புள்ளிகள் வரை இங்கும் அங்கும் அசையக்கூடியது. அத்தகைய சேவைகளுக்கு அலுவலக வாசலில் நின்று, வேலை முடிந்து வெளியே வருபவர்களிடம் தனியாகக் கேட்பதே பொருத்தம். அப்போதும், வேலை முடியாமலே பாதியில் கைவிட்டவர்கள் வாசலில் அகப்பட மாட்டார்கள் என்பதை அறிக்கையில் ஒரு வரி எழுதி வைப்பது நேர்மை.

புகார் எண்ணிக்கையை அதிருப்தி என்று எண்ணுவது

சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு ஒரு வார்டிலிருந்து நிறையப் புகார்கள் வருகின்றன, இன்னொரு வார்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றுமே வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் வார்டில் சேவை மோசம் என்று முடிவு கட்டுவது அவசரம். புகார் செய்ய எண் தெரிந்திருக்க வேண்டும், நேரம் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். புகாரே வராத வார்டு அந்த நம்பிக்கை வற்றிப்போன வார்டாகவும் இருக்கலாம். அதேபோல், புகார் முடித்துவைக்கப்பட்டது என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டதால் பள்ளம் மூடப்பட்டுவிட்டது என்று பொருளில்லை. முடிக்கப்பட்டதாகப் பதிவான புகார்களில் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்து, புகார் செய்தவரிடமே திரும்பக் கேட்பது, எந்தப் பெரிய கணக்கெடுப்பையும்விடச் செலவு குறைவானது.

கேட்பவர் யார் என்பதில் அலட்சியம்

தூய்மைப் பணியாளரோ வரி வசூலிப்பவரோ படிவத்தோடு வந்து நின்றால், நாளையும் அதே முகத்தைப் பார்க்க வேண்டிய வீட்டுக்காரர் "நல்லாத்தான் செய்றாங்க" என்றுதான் சொல்வார். வார்டு உறுப்பினரின் ஆட்கள் கூட நின்றாலும் பதில் அப்படித்தான் அமையும். மத்திய அரசு 2016இல் 73 நகரங்களில் தொடங்கிய தூய்மைத் தரவரிசையில் மக்கள் கருத்துக்கும் மதிப்பெண் உண்டு. அப்படி மதிப்பெண் சேரும்போது, பதில் நல்லதாக அமைய வேண்டும் என்ற ஆர்வம் கேட்கும் தரப்புக்கே வந்துவிடுகிறது. வெளியார் கேட்பதே நல்லது. கையூட்டைப் பற்றிய கேள்வியில் இது இன்னும் முக்கியம். "லஞ்சம் கொடுத்தீர்களா?" என்று நேரடியாகக் கேட்டால் பலர் வாய் திறக்க மாட்டார்கள், "இந்த வேலை முடிய மொத்தம் எவ்வளவு செலவானது, ரசீது எவ்வளவுக்குக் கிடைத்தது?" என்று கேட்டால் வித்தியாசம் தானே வெளிப்படும். குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் தெரிவித்தால் பதிவுக்குக் கட்டணம் இல்லை என்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதி. அப்படியிருக்க அங்கே செலவு என்று ஒருவர் சொல்லும் தொகை வேறு விளக்கத்தைக் கோருகிறது.

சராசரியும் காலமும்

ஐந்துக்கு மூன்று என்ற சராசரியில் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. பாதிப் பேர் ஐந்தும் பாதிப் பேர் ஒன்றும் கொடுத்தாலும் சராசரி மூன்றுதான். சராசரியை விட்டுவிட்டு, எத்தனை விழுக்காட்டினர் அதிருப்தி, அவர்கள் எந்தத் தெருக்களில் இருக்கிறார்கள் என்று சொல்வதே பயன்படும். கேட்ட மாதத்தையும் குறிப்பிட வேண்டும். வடிகாலைப் பற்றி ஏப்ரலில் கேட்பதும் வடகிழக்குப் பருவமழை முடியாத நவம்பரில் கேட்பதும் ஒன்றல்ல. சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்ட 2022 ஏப்ரலுக்குப் பின் வந்த வாரங்களில் எதைக் கேட்டிருந்தாலும் பதிலில் வரியின் கசப்பு கலந்திருக்கும்.

ஒரே ஒருமுறை கேட்டு, அதை நற்சான்றிதழாகவோ கண்டனத் தீர்மானமாகவோ பயன்படுத்திவிட்டு மறந்துவிடுவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. பெங்களூருவில் சாமுவேல் பால் 1994இல் வெளியிட்ட குடிமக்கள் மதிப்பீட்டு அறிக்கை இந்தத் துறையில் ஒரு முன்னோடி. மாநகராட்சி, குடிநீர், மின்சாரம், தொலைபேசி என்று நிறுவனம் நிறுவனமாக, அவற்றோடு நேரடியாகத் தொடர்பு கொண்டவர்களின் அனுபவத்தைக் கேட்டு, முடிவுகளைப் பெயரோடு பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். மதிப்பெண்கள் படுமோசமாக இருந்தன. அவர் நிறுவிய பொது விவகார மையம் அதே கணக்கெடுப்பை 1999இலும் 2003இலும் மீண்டும் நடத்தியது. 1999இல் மாற்றம் சொற்பமே. 2003இல் பல நிறுவனங்களுக்குத் திருப்தி கண்கூடாக உயர்ந்திருந்தது. முதல் அறிக்கையோடு நிறுத்தியிருந்தால் அந்த உயர்வு யாருக்கும் தெரிந்திருக்காது. நடுவில் கேள்விகளை மாற்றியிருந்தால், உயர்ந்தது சேவையா கேள்வியா என்று சொல்ல முடியாமல் போயிருக்கும். ஆகையால் முடிவுகளை வெளியிடும்போதே கேள்வித்தாளின் முழு வாசகத்தையும், எந்தத் தெருக்களில் எந்த மாதத்தில் கேட்கப்பட்டது என்ற விவரத்தையும், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள் என்ற எண்ணையும் சேர்த்து வெளியிட்டுவிட வேண்டும். அடுத்த முறை கணக்கெடுப்பவர் வேறு ஆளாகவே இருப்பார்.