மாங்காய் லோடு நோட்டை டீம்ஸுக்குள் கொண்டுவருவது எப்படி?

கிருஷ்ணகிரிப் பக்கம் சீசன் தொடங்கிவிட்டால் மாங்கூழ் ஆலை கேட்டில் டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டும். ஒவ்வொரு லோடையும் நோட்டில் எழுதி, சாயங்காலம் அதையே மறுபடி எக்செலில் அடிக்கிறீர்களா? அந்த இரட்டை வேலை வேண்டாம். ஆபீஸில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஓடினால், பெரும்பாலும் அதே கணக்கில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸும் இருக்கும். கோடிங் தெரிய வேண்டியதில்லை.

முதலில் அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் திரும்பிப் பார்க்காத கட்டங்களை விட்டுவிடுங்கள். தேதி, நேரமும் கேட்க வேண்டாம். பதில் அனுப்பிய நேரம் தானாகப் பதிவாகும்.

ஃபார்மை உங்கள் பெயரில் தொடங்காமல் குரூப் ஃபார்மாகத் தொடங்குங்கள். நாளைக்கு நீங்கள் வேலை மாறினாலும் அது டீமிடமே இருக்கும்.

வண்டி எண்ணுக்கு 'டெக்ஸ்ட்' வகைக் கேள்வி போதும். யாரும் விட்டுவிடாமல் இருக்க 'ரெக்வயர்ட்' பட்டனைப் போட்டுவிடுங்கள்.

அடுத்து ரகம். இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். இதையும் டெக்ஸ்டாக விட்டால் ஒருவர் 'பெங்களூரா' என்பார், இன்னொருவர் 'தோத்தாபுரி' என்பார். இரண்டும் ஒரே காய்தான், ஆனால் எக்செல் அதை இரண்டு ரகமாக எண்ணும். எழுத்துப்பிழை வந்தால் மூன்றாகும். அதனால் 'சாய்ஸ்' வகைக் கேள்வியை எடுத்து, 'பெங்களூரா (தோத்தாபுரி)', 'செந்தூரா', 'அல்போன்சா' என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். தட்டச்சு செய்ய விடுவதைவிடத் தேர்வு செய்ய வைப்பது எப்போதும் மேல்.

லோடுடன் வண்டி எடை, காலி வண்டி எடை இரண்டும் டெக்ஸ்ட் கேள்விகள். கேள்வியின் மூன்று புள்ளியில் 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' போய் 'நம்பர்' வைத்தால், '5 டன்' என்று அடிப்பதை ஃபார்ம் ஏற்காது. 5000 என்றுதான் போட வேண்டும். கேள்வியிலேயே 'கிலோவில்' என்று எழுதிவிடுங்கள். ஃபார்ம்ஸ் கழித்துத் தராது. நிகர எடைக்கு, பதில்களைத் திறக்கும் எக்செலில் ஒரு ஃபார்முலா போடுங்கள்.

'அழுகல் காய் இருந்ததா?' என்று ஒரு சாய்ஸ். 'ஆம்' என்றால் மட்டும் எவ்வளவு என்ற கேள்வி வர, அதே மூன்று புள்ளியில் 'ஆட் பிராஞ்சிங்' போடுங்கள்.

அப்புறம் யார் நிரப்பலாம் என்ற செட்டிங். எடை போடுபவருக்கு ஆபீஸ் கணக்கு இல்லையென்றால் 'எனிஒன்' வைக்க வேண்டியிருக்கும். அப்போது ஃபைல் அப்லோட் கேள்வி வேலை செய்யாது. லிங்க் கிடைத்த எவரும் நிரப்பலாம் என்பதால் வெளி குரூப்பில் போடாதீர்கள்.

கடைசியாக, ஃபார்மைப் போனில் திறக்க அதன் கியூஆர் கோடை பிரின்ட் எடுங்கள். அதைக் கேட்டில் ஒட்டினால் பயனில்லை, உள்ளே வரும் வண்டிக்குக் காலி எடை இன்னும் தெரியாது. காய் இறக்கி இரண்டாவது முறை எடை போடும் இடத்தில், எடைச்சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.